புதுச்சேரியில் ஆறு ஞாயிறுகள்: பெண் பாப் கலைஞர்களைப் பற்றிய ஓர் இசைக் கேட்பு வகுப்பு

புதுச்சேரியில் மிஷன் வீதிக்கும் பெரிய வாய்க்காலுக்கும் இடைப்பட்ட ஒரு தெருவில், பழைய வீடொன்றின் மாடியில், ஞாயிறுதோறும் பிற்பகல் மூன்றரை மணி முதல் ஆறு மணி வரை ஓர் இசைக் கேட்பு வகுப்பு நடக்கிறது. அங்கே பாடவோ வாசிக்கவோ கற்றுத்தருவதில்லை. உட்கார்ந்து கவனமாகக் கேட்பதும், கேட்டதைப் பற்றிப் பேசுவதும்தான் பாடம். பாப் இசையில் புகழ்பெற்ற பெண்கள், பெண்ணுக்கென்று வகுத்துவைத்த இடத்தை விட்டு எப்படி வெளியே வந்தார்கள் என்பதை ஆறு வாரங்களில் சொல்கிறார்கள். கட்டணம் மூவாயிரம் ரூபாய். பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குப் பாதி. கூடத்தில் பதினைந்து பேர்தான் உட்கார முடியும் என்பதால் தன் பெயரையும் முகவரியையும் பொதுவில் எழுத வேண்டாம் என்று ஆசிரியை கேட்டுக்கொண்டார். அவருடைய விருப்பப்படி இரண்டையும் தவிர்த்துவிட்டு, வகுப்பு எப்படி இருந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு, தாழ்ந்த கனத்த ஒலி தரும் பேஸ் கிதாரைக் கற்றுக்கொள்ள ஆசை. சென்ற ஆண்டு அவளை அழைத்துக்கொண்டு ஓர் இசைக்கருவிக் கடைக்குப் போனேன். விற்பனையாளர் முதலில் கேட்டது, "தம்பிக்கா மேடம்?" என்பதுதான். இல்லை, இவளுக்குத்தான் என்றேன். அவர் கிதார்கள் தொங்கிய சுவரை விட்டு எங்களைக் கீபோர்டு இருந்த பக்கம் அழைத்துப் போனார். "பாப்பாவுக்கு இது நல்லாயிருக்கும் மேடம். பேஸெல்லாம் கனம், தோள் வலிக்கும்" என்றார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தன் கடையில் இத்தனை வருடம் பார்த்ததைச் சொன்னார். கல்யாணம் வரைக்கும் வீணை வாசித்து, அதற்குப் பிறகு அதை உறை போட்டு மூடிவைத்த எனக்கு அந்தப் பேச்சு வெகுநாள் மனத்தை விட்டுப் போகவில்லை. எந்தக் கருவி யார் கைக்கு என்று யார் பிரித்தது, அந்தப் பிரிவினையை யாரெல்லாம் கலைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றே மகளோடு சேர்ந்து நானும் இந்த வகுப்பில் பெயர் கொடுத்தேன்.

முதல் நாள் ஆளுக்கொரு தாள் தந்தார்கள். அதில் ஐந்து கட்டங்கள்: சொற்களை எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார், பாடியும் வாசித்தும் இருப்பவர் யார், பதிவை உருவாக்கியவர் யார், பதிவின் உரிமை யாரிடம் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டைக் கேட்டு முடித்ததும், இசைத்தட்டின் பின்னட்டையைக் கையில் வாங்கி, பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களைத் தேடிப் படித்து, அந்தக் கட்டங்களை நாமே நிரப்ப வேண்டும். எந்தக் கட்டத்தில் பெண்ணின் பெயர் வருகிறதோ அதை மட்டும் சிவப்புப் பேனாவால் சுழிக்க வேண்டும். வகுப்பின் உயிர் முழுவதும் இந்தத் தாளில்தான் இருக்கிறது. ஆடை, முடிவெட்டு, மேடையில் காட்டிய துணிச்சல் ஆகியவற்றை வைத்தே பெண் கலைஞர்களைப் புகழ்ந்தும் இகழ்ந்தும் பழகிப்போன நமக்கு, பெயர்ப்பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொடுத்ததற்காகவே இந்தக் கட்டணம் தகும் என்பது என் கருத்து.

நான்காவது கட்டத்துக்கு ஒரு விளக்கம் தேவை. 'தயாரிப்பாளர்' என்றால் நமக்குச் சினிமாவுக்குப் பணம் போடுபவர்தான் நினைவுக்கு வருவார். பாப் உலகில் 'புரொடியூசர்' எனப்படுபவர் வேறு. எந்த மைக்கை எங்கே வைப்பது, எந்த வாத்தியம் எவ்வளவு ஒலிப்பது, பத்து முறை பாடியதில் எதை எடுப்பது என்று பதிவுக்கூடத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் அவர் கையில் இருக்கும். பெண்கள் மிகக் குறைவாகக் காணப்படும் இடமும் அதுதான். அமெரிக்காவின் வெற்றிப் பாடல்களை ஆராய்ந்து தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 2018-ல் வெளியிட்ட அறிக்கை, இந்தப் பணியைச் செய்தவர்களில் பெண்கள் நூற்றுக்கு இருவர் மட்டுமே என்று சொன்னது. ஆசிரியை இதை முதல் வாரமே சொல்லிவிட்டதால், பிறகு வந்த ஒவ்வொரு தாளிலும் எங்கள் கண் நான்காவது கட்டத்துக்குத் தானாகவே போனது.

முதலில் போட்டுக்காட்டிய காணொளி 1964-ல் எடுத்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தின் நடைமேடை. எதிர் நடைமேடையில் ரசிகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மழை பெய்து ஈரமான கல் தரையில், நீண்ட கோட்டு அணிந்த ஒரு கறுப்பினப் பெண்மணி வெள்ளை நிற மின்கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மழையைப் பற்றிய பக்திப் பாடல் ஒன்றைப் பாடுகிறார். பாட்டின் நடுவே குரலை நிறுத்திவிட்டு அவர் விரல்கள் கிதாரின் கழுத்தில் ஏறி இறங்குவதைப் பார்த்ததும், என் மகள் நாற்காலியின் முனைக்கு வந்துவிட்டாள். அவர் 1915-ல் பிறந்த அமெரிக்கப் பாடகி சிஸ்டர் ரொசெட்டா தார்ப். ராக் இசை என்ற பெயரே பரவுவதற்கு முன்பு மின்கிதாரை அப்படி முழங்க வைத்தவர். அவர் காலத்தில் அவருக்குக் கிடைத்த பெரிய பாராட்டு, 'ஆண் மாதிரி வாசிக்கிறார்' என்பதுதானாம். நம் ஊரிலும் வேலையைத் திறமையாகச் செய்யும் பெண்ணை 'ஆம்பளை மாதிரி' என்று சொல்லித்தானே மெச்சுகிறார்கள். 1973-ல் இறந்த அவரை ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தில் 2018-ல்தான் சேர்த்தார்கள்.

அடுத்து வந்தவர் சூசி குவாட்ரோ. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1950-ல் பிறந்து, இங்கிலாந்துக்குப் போய், தோல் உடையோடும் பேஸ் கிதாரோடும் மேடையேறி, 1973-ல் அங்கே முதலிடம் பிடித்தவர். சுற்றிலும் ஆண்கள் நிற்க, நடுவில் நின்று குழுவை நடத்தும் அவருடைய உருவம் என் மகளுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் தாளை நிரப்பியபோது அந்த முதலிடப் பாட்டுக்கு ஒரே ஒரு சிவப்புச் சுழிதான் விழுந்தது. எழுதியதும் மெட்டமைத்ததும் பதிவை உருவாக்கியதும் இரண்டு ஆண்கள். மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆசிரியை அவளைச் சமாதானப்படுத்த முயலவில்லை. "ஒரு கட்டம் வந்திருக்கே, அது வந்ததுனாலதான் அடுத்த கட்டத்தைப் பத்தி இன்னொருத்தி யோசிக்க முடிஞ்சுது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த தட்டை வைத்தார்.

இரண்டாம் வாரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. புதுச்சேரியில் நடக்கும் வகுப்பு என்பதற்கேற்ப அன்று பிரெஞ்சுப் பாடல்கள். பங்கேற்றவர்களில் ஒருவர் எண்பதை நெருங்கும் 'சொல்தா' தாத்தா. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் அழைப்பார்கள். பிரான்ஸ்வாஸ் ஆர்தி என்ற பாடகி 1962-ல், தன் பதினெட்டாம் வயதில், தானே எழுதிப் பாடிய பாட்டு ஒலிக்கத் தொடங்கியதும் தாத்தா கண்ணை மூடிக்கொண்டார். ஊரில் பையன்களும் பெண்களும் இரண்டிரண்டு பேராகக் கைகோத்துப் போகும்போது தான் மட்டும் தனியாக நடந்துபோவதைச் சொல்லும் எளிய பாட்டு அது. அந்தக் காலத்துப் பிரெஞ்சு இளம்பாடகிகளில் பெரும்பாலோர் பிறர் எழுதித் தந்ததைப் பாடியவர்கள். தன் தனிமையைத் தன் சொல்லில் எழுதியவர்கள் வெகு சிலரே; அவர்களில் ஆர்தி முதன்மையானவர்.

அதே காலத்தில் பாடிய பிரான்ஸ் கால் கதை நேர்மாறானது. 1965-ல் ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் அவர் வென்ற பாட்டே தன்னை ஒரு மெழுகு பொம்மை என்று சொல்லிக்கொள்ளும் பெண்ணின் பாட்டு. அடுத்த ஆண்டு, பதினெட்டு வயதில், மிட்டாயைப் பற்றிய பாட்டென்று நம்பி அவர் பாடியதில் எல்லா வரிகளுக்கும் இரட்டை அர்த்தம் இருந்தது. எழுதிய ஆணுக்கும் கேட்ட பெரியவர்களுக்கும் அது புரிந்தது. பாடிய பெண்ணுக்கு மட்டும் புரியவில்லை. உண்மை தெரிந்தபோது அவமானத்தில் குன்றிப்போனதாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆசிரியை எதுவும் பேசாமல் நின்றார். முதல் கட்டத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்பது ஒரு பெண்ணின் மானத்தைப் பற்றிய கேள்வியாகவும் இருக்க முடியும் என்று எனக்கு அன்று உறைத்தது.

அப்போதுதான் தாத்தா வாய் திறந்தார். "அம்மாடி, நான் பிரான்சுல துலோனுக்குப் போனது அறுபத்து நாலுல. எங்க கேப்டன் வீட்டம்மா படிச்சவங்க. அவங்களே பேங்க்ல தனியா கணக்கு தொடங்கணும்னா புருஷன் சம்மதம் வேணும். அடுத்த வருஷம்தான் சட்டத்தை மாத்தினாங்க" என்றார். பிரான்சில் மனைவி தன் பெயரில் கணக்கு வைத்துக்கொள்ளக் கணவனின் அனுமதி தேவையில்லை என்ற சட்டம் 1965 ஜூலையில் வந்தது. வங்கியில் தன் பெயரை எழுத முடியாத காலத்தில் இசைத்தட்டில் தன் பெயரை எழுதியவர் ஆர்தி என்று யோசித்தபோது, அந்த மென்மையான குரலுக்குப் பின்னால் இருந்த பிடிவாதம் புரிந்தது. இந்த உரையாடல் பாடத்திட்டத்தில் இருந்ததல்ல. பதினாறு வயதுக்காரியும் எண்பது வயதுக்காரரும் ஒரே அறையில் உட்கார்ந்து கேட்பதால் கிடைத்தது.

தாளுக்கும் ஒரு குறை உண்டு. மூன்றாம் வாரம் அது வெளிப்பட்டது. அமெரிக்கப் பாடகி அரீத்தா பிராங்கிளின் 1967-ல் பாடிப் புகழ்பெற்ற, மரியாதை கேட்கும் பாட்டை ஓடிஸ் ரெடிங் என்ற ஆண் பாடகர் 1965-லேயே எழுதிப் பாடியிருந்தார். அவர் பாடும்போது, உழைத்துக் களைத்து வீடு திரும்பும் கணவன் மனைவியிடம் கேட்கும் மரியாதை அது. அரீத்தா அதையே பெண்ணின் வாய்மொழியாக்கி, ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாக அதட்டிச் சொல்லும் பகுதியைச் சேர்த்து, சகோதரிகளின் பின்குரலோடு முழுவதும் புரட்டிப்போட்டார். இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த எழுத்தெழுத்தான அதட்டலைத்தான். ஆனால் எழுதியவர் கட்டத்தில் ஓடிஸ் ரெடிங்கின் பெயர்தான் வரும். இதே போல, என்னை நீ சொந்தம் கொண்டாட முடியாது என்று 1963-ன் இறுதியில் பதினேழு வயது லெஸ்லி கோர் பாடியதை எழுதியவர்கள் இரண்டு ஆண்கள். வகுப்பில் இதன்மேல் நல்ல விவாதம் நடந்தது. பாட்டை எழுதியவர்கள் ஆண்கள் என்பதற்காக அந்தப் பெண்ணின் குரலில் இருந்த திமிறலைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது சரியல்ல என்று நான் வாதிட்டேன். பாட்டின் பொருளையே மாற்றிப் பாடியவருக்கு ஆறாவதாக ஒரு கட்டம் வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆசிரியை ஒப்புக்கொள்ளவில்லை, சட்டமும் பணமும் ஒப்புக்கொள்ளாத கட்டத்தைத் தாளில் மட்டும் போட்டு என்ன பயன் என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் உரிமையைப் பற்றிய நான்காம் வாரத்தை அமைத்திருந்தார். அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் தானே எழுதி 1974-ல் வெளியிட்ட ஒரு பிரிவுப் பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பியபோது, வெளியீட்டு உரிமையில் பாதியைத் தர வேண்டும் என்று எல்விஸின் மேலாளர் கேட்டார். டாலி அழுதுகொண்டே மறுத்தார். அந்தப் பாட்டைத்தான் 1992-ல் விட்னி ஹூஸ்டன் பாடினார். அமெரிக்காவில் பதினான்கு வாரம் அது முதலிடத்தில் இருந்தது. டெய்லர் ஸ்விஃப்ட் தன் பழைய பதிவுகள் 2019-ல் வேறு கைக்கு விற்கப்பட்டதும், அதே பாடல்களை 2021 முதல் மறுபடி பதிவு செய்து வெளியிட்டு, 2025 மே மாதத்தில் மூலப் பதிவுகளையும் வாங்கிக்கொண்டார். இந்த இரண்டும் செய்திகளில் வந்த கதைகள்தாம் என்றாலும், ஐந்தாவது கட்டம் நிரம்புவதைப் பார்க்கும்போது வேறு விதமாக இருந்தது. வீட்டுப் பத்திரத்தில் பெண்ணின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது போன்ற உணர்வு அது.

இங்கிலாந்துப் பாடகி கேட் புஷ் பற்றிய பகுதியும் அன்றே நடந்தது. 1978-ல் பத்தொன்பது வயதில், தானே எழுதிய பாட்டால் இங்கிலாந்தில் முதலிடம் பெற்ற முதல் பெண் அவர். குடும்ப வீட்டை ஒட்டிய கொட்டகையில் தனக்கென்று பதிவுக்கூடம் கட்டிக்கொண்டு 1985-ல் அவர் வெளியிட்ட பாட்டு, ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஒலித்ததால் 37 ஆண்டுகள் கழித்து 2022-ல் இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வந்தது. என் மகளுக்கு அந்தத் தொடரின் வழியாகத்தான் அவரைத் தெரியும். ஆணும் பெண்ணும் ஒருவர் இடத்தில் மற்றவர் இருந்து பார்க்கக் கடவுளோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள முடிந்தால் எப்படி இருக்கும் என்று கேட்கும் பாட்டு அது. பாலின வேறுபாட்டைப் பற்றி இவ்வளவு நேரடியாக, குற்றம் சாட்டாமல், ஏக்கத்தோடு பேசிய வேறொரு பாப் பாடல் எனக்குத் தெரியாது. எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், பதிவை உருவாக்கியவர் என்று வரிசையாக அவர் பெயரையே எழுதி மகள் சிவப்புப் பேனாவால் சுழித்தாள். சூசி குவாட்ரோவின் தாளை அவள் அதன் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டதையும் கவனித்தேன்.

ஐந்தாம் வாரத்தின் முதல் பாதி எனக்கு நிறைவு தரவில்லை. கோட்டும் சூட்டும் குட்டை முடியுமாக 1983-ல் வந்த பிரிட்டிஷ் பாடகி ஆனி லெனாக்ஸ், மடோனா, ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்று ஆடையையும் தோற்றத்தையும் பற்றிய பேச்சு அவசர அவசரமாக நடந்தது. 'பெண் சக்தி' என்ற முழக்கத்தோடு 1996-ல் உலகைக் கலக்கிய ஸ்பைஸ் கேர்ள்ஸ் குழுவை, விளம்பரம் கொடுத்து ஆள் தேடிச் சேர்த்தவர்கள் ஆண் மேலாளர்கள். அந்தப் பெண்கள் அவர்களை விட்டுப் பிரிந்து தங்கள் வழியில் போனதும் உண்மை. முழக்கம் யாருடையது, அதில் வந்த லாபம் யாருக்கு என்று நின்று பேச வேண்டிய இடம் இது. மீறலையே பொட்டலம் கட்டி விற்கும் வணிகத்தைப் பற்றிப் பேசாமல் போனால், பிள்ளைகள் மேடையில் தெரியும் துணிச்சலையெல்லாம் அப்படியே நம்பிவிடுவார்கள். ஆசிரியை இதற்குக் குறைந்தது ஒரு முழு வாரம் ஒதுக்க வேண்டும்.

இரண்டாம் பாதி அந்தக் குறையை மறக்கச் செய்தது. லண்டனில் 1975-ல் பிறந்த ஈழத் தமிழ்ப் பெண் மாதங்கி அருள்பிரகாசம், உலகம் அறிந்த பெயரில் எம்.ஐ.ஏ. முதல் இசைத்தொகுப்புக்கு அப்பாவின் பெயரையும், 2007-ல் வந்த இரண்டாவதற்கு அம்மாவின் பெயரான 'கலா'வையும் வைத்தவர். அந்த இரண்டாவது தொகுப்பின் ஒரு பாட்டில் உறுமியின் தேய்ப்பொலி எழும்பியபோது கூடத்தில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். திருவிழாவிலும் சாவு வீட்டிலும் கேட்டுக் கேட்டுப் பழகிய அந்த ஒலி, லண்டனில் பிறந்த பாடகி ஒருவரின் பாட்டுக்கு அடித்தளமாக வருவதை நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த அரியாங்குப்பத்துக் கல்லூரிப் பெண், "அக்கா, இது நம்ம உறுமிக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு 2009 பிப்ரவரி 8 அன்று நடந்த, அமெரிக்காவின் கிராமி இசை விருது விழாவின் காணொளி. நான்கு ஆண் ராப் பாடகர்கள் கறுப்புக் கோட்டில் நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே, உடலோடு ஒட்டிய கறுப்பு வெள்ளை உடையில், நிறைமாத வயிற்றோடு மாதங்கி ஆடிப் பாடுகிறார். மருத்துவர்கள் குறித்துக் கொடுத்த பிரசவ நாளே அதுதான். சில நாட்களில் மகன் பிறந்தான். நம் வீடுகளில் ஏழாம் மாதத்தில் வளையல் போட்டு உட்கார வைத்து, படியிறங்காதே, சத்தமாகச் சிரிக்காதே என்று காவல் காக்கும் வழக்கம் அன்பினால் வருவதுதான். நானும் அப்படிக் காக்கப்பட்டவள்தான். ஆனால் அந்த வயிற்றை மறைக்காமல், அதற்காக மன்னிப்பும் கேட்காமல், தன் வேலையைச் செய்துகொண்டிருந்த ஒரு தமிழ்ப் பெண்ணைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. தாயாவதும் கலைஞராக இருப்பதும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் என்று என் வீணை உறைக்குள் போனதே, அந்த நினைவும் கூடவே வந்தது.

ஆறாம் வாரம் தமிழ்நாட்டுக்கு. வகுப்பின் மிகப் பெரிய குறையும் இங்கேதான். ஐந்து வாரம் வெளிநாட்டுக்குக் கொடுத்துவிட்டு, நம் பெண்களை இரண்டரை மணி நேரத்தில் அடக்கப் பார்த்தார்கள். இருந்தாலும் சொன்னதெல்லாம் நல்ல சரக்கு. அம்மாவோடு கோரஸ் பாட வந்து, 1961-ல் 'பாசமலர்' படத்தில் தோழியை வாழ்த்தும் கல்யாணப் பாட்டால் வீடுதோறும் அறிமுகமான எல்.ஆர். ஈஸ்வரியை, திரையுலகம் பெரும்பாலும் கிளப் நடனக்காரிக்கும் குறும்புக்காரிக்கும் பாட வைத்தது. நாயகியின் அடக்கத்துக்கு ஒரு குரல், அடங்காத பெண்ணுக்கு வேறு குரல் என்று பிரித்து வைத்திருந்தார்கள். அந்த 'அடங்காத' குரல்தான் ஆடி மாதம் பிறந்தால் எங்கள் தெரு மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் விடியற்காலை முதல் அம்மனை அழைக்கிறது. ஒரே தொண்டை, எந்தப் பெண்ணுக்கு எந்தக் குரல் பொருந்தும் என்று தீர்மானித்தவர்களைக் காலம் தோற்கடித்துவிட்டது.

உஷா உதூப் 1960-களின் கடைசியில் சென்னை மவுண்ட் ரோட்டில், சபையர் திரையரங்க வளாகத்தில் இருந்த கேளிக்கை விடுதியில் பாட வந்தபோது, காஞ்சிபுரம் பட்டுப்புடவையும் பொட்டுமாக மைக்கைப் பிடித்தார். விடுதிப் பாடகி என்றால் இன்ன உடை, குடும்பப் பெண் என்றால் இன்ன உடை என்று வைத்திருந்த கணக்கை அந்தப் புடவை குழப்பிவிட்டது. மீறல் என்றால் மேலை உடை என்று நினைப்பவர்கள் இவரை யோசிக்க வேண்டும். 2024-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தார்கள்.

ஆண்களே பாடிவந்த கானாவைக் கையில் எடுத்த வடசென்னையின் இசைவாணி, சாதி எதிர்ப்புப் பாடல்களைப் பாடும் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு 2018-ல் மேடையேறியபோது அதில் இருந்த ஒரே பெண் குரல். 2020-ல் பி.பி.சி. தேர்ந்தெடுத்த நூறு பெண்களில் அவரும் ஒருவர். சாவு வீட்டில் இரவெல்லாம் ஆண்கள் பாடிய பாட்டுமுறையை ஒரு பெண் பாடும்போது எழும் எதிர்ப்பு, பாலினத்தோடு சாதியும் சேர்ந்த எதிர்ப்பு என்பதை ஆசிரியை தெளிவாகச் சொன்னார். சோஃபியா அஷ்ரஃப் 2015-ல் கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரச மாசைப் பற்றிப் பாடிய ராப் காணொளி உலகெங்கும் பரவியதும், அடுத்த ஆண்டு முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டதும் எங்களில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. தொழிலாளர்களும் அவர்களோடு நின்றவர்களும் பல ஆண்டுகள் போராடிப் பெற்றது அது. அந்தப் போராட்டத்துக்கு ஊர் முழுக்கக் கேட்கும் குரலாகப் பாட்டு வந்தது.

ஆசிரியை விட்டுவிட்ட ஒருவரை நான் சொல்லியாக வேண்டும். 1935-ல் நந்தனார் வேடத்தில், ஓர் ஆண் பாத்திரத்தில், கே.பி. சுந்தராம்பாள் நடித்துப் பாட ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் பெற்றார். ஆணுடை அணிந்த பெண்ணைக் காட்ட 1983-ன் இங்கிலாந்துக்குப் போவதற்கு முன், நாம் தொடங்க வேண்டிய இடம் அதுவல்லவா? வகுப்பு முடிந்ததும் இதைச் சொன்னேன். ஆசிரியை குறித்துக்கொண்டார்.

இனி நடைமுறை விஷயங்கள். இசைத்தட்டுக் கருவியும் ஒலிபெருக்கிகளும் தரமானவை. குரல் தெள்ளத்தெளிவாகக் கேட்கிறது. ஆனால் கூடம் சிறியதாகவும் மேற்கூரை உயரமாகவும் இருப்பதால், சுவரோரம் உட்கார்ந்தால் பேஸ் ஒலி குமுறுகிறது. நடு வரிசையில் இடம் பிடிப்பது நல்லது. மாடிப்படி செங்குத்து, சொல்தா தாத்தாவை இரண்டு பேர் கைத்தாங்கலாகத்தான் ஏற்றினோம். மூட்டு வலி உள்ளவர்கள் யோசித்து வாருங்கள். ஐந்து மணிக்குத் தேநீரும் வாழைக்காய் பஜ்ஜியும் தருகிறார்கள். கழிவறை சுத்தம். பெண் பிள்ளைகளைத் தனியாக அனுப்பும் பெற்றோர் கீழே வராந்தாவில் காத்திருக்க நாற்காலிகள் உண்டு. ஒரு முறை உள்ளே வந்து உட்கார்ந்து பார்த்தாலும் கட்டணம் கேட்பதில்லை. பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இது பொருந்தாது, சில பாடல்களின் பொருளைப் பேசும்போது சங்கடமாக இருக்கும்.

மற்றொரு குறை மொழி. பேச்செல்லாம் தமிழில்தான், பிரெஞ்சுச் சொற்கள் அங்கங்கே கலந்து வருகின்றன. ஆனால் கையில் தரும் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. எங்களோடு வந்த ஒரு தாய், தையல் வேலை செய்பவர், காதால் அத்தனை நுட்பமாகக் கேட்டவர், எழுத்தைப் பார்த்ததும் தாளை மடித்து மகளிடம் கொடுத்துவிட்டார். நான்காம் வாரம் இதை நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னோம். ஐந்தாம் வாரம் தமிழ்த் தாள் வந்துவிட்டது. நான்காவது கட்டத்துக்கு மட்டும் என்ன பெயர் வைப்பது என்று அன்று கால் மணி நேரம் பேச்சு நடந்தது. தயாரிப்பாளர் என்றால் குழப்பம், பதிவாளர் என்றால் பத்திர ஆபீஸ் நினைவு வருகிறது. அந்தத் தையற்கார அம்மாதான், "துணியை யாரு குடுத்தாலும், வெட்டித் தைக்கிறது ஒருத்தர்தானே? 'வெட்டித் தைச்சவர்'னு போடுங்க" என்றார். புதிய தாளில் அந்தக் கட்டத்தின் மேல் இப்போது அப்படியேதான் அச்சாகியிருக்கிறது.

கடலூரிலிருந்து வருபவர்கள் பிற்பகல் இரண்டு மணிக்குள் பேருந்து ஏறிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நெரிசலால் நகருக்குள் ஆட்டோ நகராது. கடைசிப் பகுதியை நடந்தே வந்துவிடலாம். அடுத்த சுற்றுக்கு நானும் மகளும் மறுபடி பெயர் கொடுத்திருக்கிறோம், இந்த முறை அவள் பேஸ் கிதாரையும் எடுத்து வருகிறாள்.